சின்னச் சுற்றுச்சூழல் குழுவுக்கு க்யூஆர் கோடு: எதில் காசு மிச்சம், எதில் தண்டம்

க்யூஆர் கோடு வைத்தால் செலவு குறையும் என்று சொல்லாத ஆளே இல்லை. குறையத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் சொல்கிற இடத்தில் குறைவதில்லை, வேறொரு மூலையில் குறைகிறது, நடுவில் தேவையே இல்லாத ஒரு சந்தாவும் வந்து ஒட்டிக்கொள்கிறது. சென்னையில் ஏரிக்கரை சுத்தம், மரங்களை அடையாளம் காணும் நடை, கடற்கரைக் குப்பை அகற்றுவது என்று சனி ஞாயிறுகளில் இயங்கும் ஒரு சின்னக் குழுவில் கணக்கையும் அச்சு வேலையையும் பார்க்கிற ஆள் நான். சம்பளத்துக்கு யாரும் கிடையாது, ஆபீஸ் கிடையாது, வருகிற நன்கொடையில் கையுறை, சாக்கு, தண்ணீர் கேன், டெம்போ வாடகை போக மிஞ்சுவதில்தான் மற்றதெல்லாம். இந்த அளவில் இருக்கிற அமைப்புகளுக்காகத்தான் எழுதுகிறேன், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போடுகிறேன். பெரிய தொண்டு நிறுவனங்களில் இதற்கென்றே ஒரு ஆள் இருப்பார், அவர்களுக்கு இது வேண்டியதில்லை.

முதலில் அந்தச் சந்தாவைத் திட்டி முடித்துவிடுகிறேன். இலவச க்யூஆர் கோடு என்று தேடினால் வருகிற தளங்களில் நிறைய தளங்கள் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது டைனமிக் கோடு. டைனமிக் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோடுக்குள் உங்கள் முகவரி இருக்காது, அந்தக் கம்பெனியின் குட்டி முகவரி ஒன்று இருக்கும். ஸ்கேன் செய்கிறவர் முதலில் அவர்களுடைய சர்வருக்குப் போவார், அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பி விடப்படுவார். இதனால் அச்சடித்த பிறகும் போய்ச்சேரும் இடத்தை மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணிக்கையும் பார்க்கலாம். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. சோதனைக் காலம் முடிந்ததும் என்ன ஆகும் என்பதை மட்டும் எங்கோ பொடி எழுத்தில் வைத்திருப்பார்கள். நாங்கள் எடுத்திருந்த சேவையில் அதுதான் நடந்தது: ஏரிக்கரைப் பலகைகளில் இருந்த கோடுகள் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போய், ஸ்கேன் செய்தவர்களுக்கு "இந்தக் கோடு செயலில் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் அதன் கீழே டாலரில் ஒரு விலைப்பட்டியலும் வந்தது. பலகை அடித்த காசும் போச்சு, அதை நட்ட ஆட்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த வியாபாரத்தை இப்படி நடத்துகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. டைனமிக் சந்தாவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று, அதுவும் எண்ணிக்கை காட்டுகிற அந்த வசதிக்காக.

எண்ணிக்கை யாருக்கு உதவும் என்றால், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) வாங்கி அறிக்கை எழுதிக்கொடுக்க வேண்டிய அமைப்புகளுக்கு உதவும். "இத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள்" என்று ஒரு வரைபடம் போட்டால் அந்தப் பக்கம் மகிழ்ந்துபோகும். மற்றவர்களுக்கு, படிவத்தில் எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்பதே போதுமான கணக்கு.

சரி, பெரிய கம்பெனியின் இலவசக் குறுமுகவரியை நம்பலாமே என்று ஒருவர் கேட்டார். கூ டாட் ஜிஎல் என்று கூகுள் நடத்திய முகவரி சுருக்கும் சேவை என்ன ஆனது என்று பாருங்கள். 2019 மார்ச்சில் புதிதாக முகவரி சுருக்குவதை நிறுத்தினார்கள். பழைய இணைப்புகள் 2025 ஆகஸ்ட் 25க்குப் பிறகு வேலை செய்யாது என்று 2024இல் அறிவித்தார்கள். தேதி நெருங்கியபோது கொஞ்சம் இறங்கிவந்து, புழக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் விட்டுவைப்போம் என்றார்கள். வருடத்துக்கு நாலு பேர் ஸ்கேன் செய்கிற ஒரு பறவைப் பலகையின் இணைப்பு அந்தப் புழக்கக் கணக்கில் எங்கே வரும்?

நாங்கள் இப்போது செய்வது இதுதான். அமைப்பின் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. அதில் சாய்கோடு போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்களால் பக்கங்கள். ஒவ்வொன்றும் வேறெங்காவது திருப்பிவிடும், அந்த இடத்தை நமக்கு வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். பக்கங்களை கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் இலவசமாகவே வைக்கலாம், கல்லூரியில் கணினி படிக்கிற தன்னார்வலர் ஒருவர் இருந்தால் ஒரு மாலை வேலை. கோடு நிலையான கோடு, நம் முகவரியே அதற்குள் இருக்கும், அதற்குக் காலாவதி கிடையாது, திருப்புகிற சாவி நம்மிடம். சந்தா சேவை காசு வாங்கிக்கொண்டு செய்வதும் இதைத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை, டொமைனை அமைப்பின் மின்னஞ்சலில் வாங்குங்கள். தன்னார்வலர் தன் சொந்த ஜிமெயிலில் வாங்கிவிட்டுக் கல்யாணம் முடிந்து துபாய்க்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் துபாய்க்குத்தான் போகும்.

க்யூஆர் கோடு உருவாக்குவதற்கு எந்தத் தளத்திலும் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. இந்தக் குறியீட்டை 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ்காரர்கள் கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கினார்கள், காப்புரிமை வைத்திருந்தும் அதைக் காட்டி யாரிடமும் காசு கேட்காமல் விட்டார்கள், 2000இலேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். குரோம் உலாவியில் பகிரும் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது, நடுவில் ஒரு டைனோசர் பொம்மையோடு வரும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் 6.4 பதிப்பு முதல் இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் நீட்சிகள் பட்டியலில் இருக்கிறது, பலகைக்கு அச்சடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான், எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டங்களின் ஓரம் மங்காது. இதற்கெல்லாம் ஐந்துக்கு ஐந்து, ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது நன்கொடை. இதில்தான் மிச்சமும் அதிகம், தலைவலியும் அதிகம்.

இணையத்தில் நன்கொடை வாங்க பேமெண்ட் கேட்வே (நடுவில் நின்று பணத்தை வாங்கித் தரும் சேவை) வைத்தால் வழக்கமாக 2 சதவீதம் சுற்றிப் பிடிப்பார்கள், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் 23 ரூபாய் 60 காசு போய்விடும். வங்கி கொடுக்கிற யுபிஐ கோடில் 2020 ஜனவரி முதல் அந்த மாதிரிக் கட்டணமே கிடையாது, ஆயிரமும் ஆயிரமாகவே கணக்கில் விழுகிறது. உண்டியல் வைத்துச் சில்லறை எண்ணி, வங்கி கவுன்டரில் நின்று முகச்சுளிப்பு வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்கிற அந்தப் பேசும் பெட்டியை மட்டும் வாடகைக்கு வாங்காதீர்கள். மாதா மாதம் வாடகை பிடிப்பார்கள், நம்மைப் போன்றவர்களுக்கு அது என்னத்துக்கு, நாம் என்ன டீக்கடையா நடத்துகிறோம்.

டிரஸ்ட் கணக்குக்கு இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருப்போம். அப்படிக் கூட்டாக இயக்கும் கணக்கைப் பல வங்கிகளில் சாதாரண யுபிஐ ஆப்பில் இணைக்கவே முடியாது. உடனே யாராவது "என் ஜிபே நம்பரைப் போட்டுவிடுங்கள், நான் மாற்றி அனுப்பிவிடுகிறேன்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் வேண்டவே வேண்டாம். அவருடைய வருமானக் கணக்கும் கெடும், அமைப்பின் தணிக்கையும் கெடும். கிளைக்குப் போய், பணம் வாங்க மட்டும் பயன்படும் கோடு ஒன்றை டிரஸ்டின் பெயரிலேயே கேளுங்கள். ரெசல்யூஷன், பான், பத்திர நகல் என்று அலைய விடுவார்கள், அலையத்தான் வேண்டும்.

தலைவலி எங்கே என்றால் ரசீதில். நன்கொடையாளருக்கு வரிவிலக்கு தரும் 80ஜி பதிவு உள்ள அமைப்புகள் 2021-22 நிதியாண்டு முதல் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று 10பிடி படிவத்தில் மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும், அதிலிருந்துதான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்று வரும், அது இல்லாமல் அவருக்கு வரிவிலக்கு இல்லை. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அந்தப் படிவம் பெயர், முகவரி, பான் போன்ற ஒரு அடையாள எண் எல்லாம் கேட்கும். யுபிஐ கோடில் ஸ்கேன் செய்து கொடுத்தவரைப் பற்றி வங்கி அறிக்கையில் என்ன இருக்கும்? பாதியில் வெட்டுப்பட்ட ஒரு பெயர், ஒரு யுபிஐ ஐடி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அவ்வளவுதான். மார்ச் கடைசியில் போன் மேல் போன் போட்டு "அண்ணா, ஜூலையில் ஐநூறு ரூபாய் போட்டது நீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தால், கேட்வேக்காரனுக்குக் கொடுக்காத 2 சதவீதம் உங்கள் தூக்கத்தில் கழிந்துவிடும். இதைவிட ஒரு படி மேலே, கொடுத்தவரின் பெயர் முகவரி பதிவேட்டில் இல்லையென்றால் அது பெயர் அறியா நன்கொடை ஆகிவிடும். மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதற்கு மேல் போனால் 30 சதவீத வரி. சின்னக் குழுக்கள் ஒரு லட்சத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு நல்ல புயல் வெள்ளத்தில் நிவாரணத்துக்கு என்று க்யூஆர் கோடைப் பரப்பிவிட்டால் ஒரே வாரத்தில் தாண்டிவிடலாம்.

படிவத்தை முதலில் நிரப்பவைத்து, கடைசியில் யுபிஐ கோடைக் காட்டலாம் என்று யோசனை வரும். செய்தோம். பாதிப் படிவத்திலேயே ஆட்கள் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது ஒரே அட்டையில் இரண்டு கோடு வைத்திருக்கிறோம். இடது பக்கம் பெரிதாகப் பணத்துக்கு, வலது பக்கம் சிறிதாக, "வரிவிலக்கு ரசீது வேண்டுமா? இதையும் ஸ்கேன் செய்யுங்கள்". இரண்டாவதில் பெயர், முகவரி, பான், அந்த 12 இலக்க எண், அவ்வளவுதான் கேட்போம். ரசீது வேண்டியவர்கள் தாமாகவே நிரப்புகிறார்கள், ஐம்பது ரூபாய் போடுகிறவர் நிரப்புவதில்லை, அது அந்த ஒரு லட்சத்துக்குள் அடங்கிக் கிடக்கும். ஆதார் எண்ணைக் கேட்காதீர்கள், அதைக் கூகுள் ஷீட்டில் வைத்துக் காப்பாற்றுகிற வசதி நம்மிடம் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா இங்கே வந்து ஆசையாகக் கொடுக்கிற காசும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி வெளிநாட்டு நிதிதான். அந்தப் பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கும் இல்லாத அமைப்பு அதைத் தொடக்கூடாது. இதையும் அட்டையில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறோம்.

பொது இடத்தில் பணம் வாங்கும் க்யூஆர் கோடை ஒட்டிவைத்துவிட்டு வராதீர்கள். அதன் மேல் வேறொருவன் தன் கோடை ஒட்டிவிட்டுப் போகிற மோசடி கடைகளிலேயே நடக்கிறது, ஏரிக்கரையில் கேட்க ஆளே இல்லை. எங்களுடையது நிகழ்ச்சிக்கு எடுத்துப்போய்த் திரும்ப எடுத்துவருகிற அட்டை. ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண் ரசீதுக்காகக் குறைத்தேன்.

வருகைப் பதிவில் மிச்சமாவது காகிதம் என்று நினைப்பார்கள். அந்த நாலு தாளில் என்ன இருக்கிறது? மிச்சமாவது, வியர்வை பட்டுக் கசங்கிய தாளிலிருந்து 7ஆ 1ஆ என்று புரியாத போன் நம்பர்களை ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு செய்கிற மனித நேரம். கூகுள் படிவத்தில் ஒரு கோடு, நுழைவிடத்தில் ஒரு அட்டை, முடிந்தது. நடை முடிந்ததும் ஷீட் தயார், பெற்றோர் ஒப்புதல் வேண்டிய பள்ளிப் பிள்ளைகளின் பட்டியலும் பிரிந்துவிடும். ஒரே நேரத்தில் நாற்பது பேர் ஒரு அட்டையைச் சுற்றி முண்டியடிப்பார்கள், மூன்று அட்டை வையுங்கள். இதற்கு முழு மதிப்பெண்.

கையேடுகளில் கதை வேறு. மர நடைக்கு நாலு பக்கக் கலர் கையேடு கொடுத்துக்கொண்டிருந்தோம், அச்சுச் செலவில் பெரிய பங்கு அதற்குத்தான், பாதி பூங்கா பெஞ்சிலேயே கிடக்கும், அதையும் நாமே பொறுக்கவேண்டும், சுற்றுச்சூழல் குழுவுக்கு இதைவிட வெட்கம் வேறு வேண்டுமா. கோடாக்கினோம். முதலில் பிடிஎஃப் கோப்பு, படங்களோடு கனமாக இருந்ததால் மரத்தடியில் நின்றுகொண்டு வட்டம் சுற்றுவதைப் பார்த்தார்கள். டிரைவில் போட்டுப் பொதுவில் திறக்காமல் விட்டால் "அணுகல் கோரவும்" என்று வரும், நூறு பேர் கோரிக்கை அனுப்புவார்கள், அந்த மின்னஞ்சல்களைத் திறந்து பாருங்கள், கண்ணீர் வரும். கோப்பு ஒரு எம்பிக்குள் இருக்கவேண்டும், அதைவிடச் சாதாரண இணையப்பக்கமே மேல். அப்படியும் வயதானவர்கள் கையில் தாள் இருந்தால்தான் மரத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள், போனைத் திறந்தால் வாட்ஸப்புக்குப் போய்விடுகிறார்கள் (வயதானவர்கள் மட்டுமா என்று கேட்காதீர்கள்). அதனால் கொஞ்சம் தாள் இன்னும் அடிக்கிறோம், கறுப்பு வெள்ளையில், கேட்கிறவர்களுக்கு மட்டும், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். ஐந்துக்கு மூன்று.

மரங்களுக்குக் கோடு வைப்பது எல்லாருக்கும் ஆசையான திட்டம். திருவனந்தபுரம் கனகக்குன்னு அரண்மனைத் தோட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை செய்திருக்கிறது, டெல்லி லோதி தோட்டத்தில் நகராட்சிக் குழு செய்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்களிடம் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள், பலகை விழுந்தால் எடுத்துக் கட்டுவார்கள். நம்மிடம் இல்லை.

மரத்துக்குக் கோடு வைக்க ஆகிற செலவில் பலகைதான் பெரிசு, கோடும் அது போய்ச்சேரும் பக்கமும் இலவசமாகவே கிடைக்கும். தனியாக ஒவ்வொரு மரத்துக்கும் பக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், தமிழ் விக்கிப்பீடியாவில் புங்கைக்கும் பூவரசுக்கும் வேம்புக்கும் பக்கங்கள் இருக்கின்றன, குறை இருந்தால் நீங்களே திருத்தலாம், அந்தத் திருத்தம் ஊருக்கே பயன்படும். முகவரிதான் ஒரு சிக்கல். தமிழ்த் தலைப்பை இணைய முகவரியாக மாற்றும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக வீங்கும். எழுத்து, அதில் ஏறும் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் புங்கை என்பதில் கணினிக் கணக்குப்படி ஆறு குறிகள், அதுவே 54 எழுத்து ஆகிவிடும். முகவரி நீள நீளக் கோடில் கட்டங்கள் பொடிப்பொடியாகும், பொடியானால் சின்னப் பலகையில் பழைய போன்கள் படிக்கத் திணறும். இதற்கும் விக்கியிலேயே தீர்வு உண்டு. பக்கத்தின் கருவிகள் பட்டியலில் குறுகிய முகவரி எடுக்கலாம், டபிள்யூ டாட் விக்கி என்று தொடங்கும், க்யூஆர் கோடைத் தரவிறக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. இவ்வளவு நல்ல விஷயத்தை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் இதில் யாருக்கும் கமிஷன் இல்லை.

2011 முதல் க்யூஆர்பீடியா என்றும் ஒன்று உண்டு, ஸ்கேன் செய்கிற போனின் மொழியைப் பார்த்து அந்த மொழி விக்கிப் பக்கத்துக்கு அனுப்பும். கேட்க அருமையாக இருக்கும். நம்மூரில் தமிழ் மட்டுமே படிக்கிறவர்கூடப் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார், அதனால் அவருக்கு ஆங்கிலப் பக்கமே வரும். பேசாமல் தமிழ்ப் பக்கத்துக்கே நேராகக் கோடு போடுங்கள், ஆங்கிலம் வேண்டியவர் அங்கிருந்து போய்க்கொள்வார்.

பலகைக்கு வருவோம். மரத்தில் ஆணியடிக்கக் கூடாது, மாநகராட்சி அபராதம் என்று பலமுறை அறிவித்திருக்கிறது, அபராதம் இல்லாவிட்டாலும் மரம் காக்கிற குழு ஆணியடித்தால் நன்றாகவா இருக்கும். கம்பி கட்டினால் மரம் பருத்துக் கம்பியை விழுங்கும். கயிறு என்றால் தளர்வாக, வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டுகிறாற்போல், அல்லது பக்கத்தில் ஒரு முளைக்குச்சி நட்டு அதில். வினைல் ஸ்டிக்கரைத் தகரத்தில் ஒட்டினால் பெசன்ட் நகர்க் கடற்கரைப் பக்கம் ஒரு வெயில்காலமும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் தாண்டுவதே பெரிய விஷயம், ஓரம் சுருண்டு, உப்புக்காற்றில் தகரம் துருப்பிடித்து. லேமினேட் செய்த காகிதத்தில் ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறும், பிறகு அது ஒரு பிளாஸ்டிக் குப்பை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக் தடை இருக்கிற மாநிலத்தில் பிளாஸ்டிக் ஒழிப்புக் குழுவே அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. அலுமினியத் தகட்டில் பொறித்துக் கறுப்பு ஏற்றுவது விலை அதிகம், நிற்கிறது. அதனால் நூறு மரத்துக்கு மலிவாக வைப்பதைவிட, நடையில் நின்று பேசுகிற பத்துப் பன்னிரண்டு மரத்துக்கு அலுமினியத்தில் வையுங்கள். பொதுமரம் என்றால் மாநகராட்சிப் பூங்காத் துறை அனுமதி வாங்கவேண்டும். ஐந்துக்கு இரண்டரை. கோடுக்கு ஐந்து கொடுத்திருப்பேன், பலகை இழுத்துவிட்டது.

சிக்னல் இல்லாத மலைப்பாதைகளில் இணைப்புக்குப் பதிலாக விஷயத்தையே கோடுக்குள் எழுதிவைக்கலாம், இணையமே வேண்டாம். ஒரு கோடு அதிகபட்சம் 2,953 பைட் தாங்கும். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், ஆகவே கணக்குப்படி 980 சொச்சம் குறிகள் வரும். வரும் என்பதற்காக நிரப்பிவிடாதீர்கள், 177க்கு 177 கட்டமுள்ள அந்தக் கோடை எந்தப் போனும் எளிதில் படிக்காது. இரண்டு மூன்று வரி போதும்: மரத்தின் பெயர், ஒரு தகவல், வனத்துறை எச்சரிக்கை ஏதாவது. சில போன்கள் அந்த வரிகளைக் காட்டாமல் தேடுபொறியில் போட்டுத் தேடக் கிளம்பும், அது வேறு கூத்து.

ஆமை நடைக்குக் கோடு கொண்டுபோகாதீர்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் 1988 முதல் ராத்திரியில் நடக்கிறார்களே, பங்குனி ஆமை முட்டையிட வருகிற அந்த மாதங்களில் மணலில் ஒரு வெளிச்சமும் கூடாது, குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போய்விடும். போனைத் திறந்து ஸ்கேன் செய்வதே அங்கே கெடுதல். பதிவு, ஒப்புதல், நன்கொடை எல்லாம் முந்தின நாளே வாட்ஸப்பில் முடித்துவிட வேண்டும்.

ரொம்பவும் எதிர்பாராமல் காசு மிச்சம் பிடித்தது சாமான் கணக்கில். மண்வெட்டி, வாளி, இடுப்பளவு ரப்பர் பூட்ஸ், எடை பார்க்கும் தொங்குதராசு, இதெல்லாம் பள்ளிகளுக்கும் பக்கத்துக் குழுக்களுக்கும் போகும், திரும்பி வராது, யாரிடம் இருக்கிறது என்றும் தெரியாது. கூகுள் படிவத்தில் முன்கூட்டியே நிரப்பிய இணைப்பு எடுக்கிற வசதி இருக்கிறது. ஒவ்வொரு சாமானுக்கும் அதன் எண்ணை நிரப்பி ஒரு இணைப்பு, அதற்கு ஒரு கோடு, கைப்பிடியில் ஒட்டிவிட்டோம். எடுத்துப்போகிறவர் ஸ்கேன் செய்தால் பெயர் மட்டும் போட்டால் போதும். இப்போது புதுத் தராசு வாங்கும் செலவு நின்றுவிட்டது. இதற்கும் ஐந்துக்கு ஐந்து, ஸ்டிக்கர் பூட்ஸில் ஒட்டாது என்பதைத் தவிர.

மக்கள் பக்கத்தில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. நம்மூரில் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தாலே பணம் கேட்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பறவைகள் பற்றிய பலகையில் கோடு வைத்தால் ஒரு அடி பின்னால் போகிறார்கள். வருகிறவர்களும் பணம் அனுப்புகிற ஆப்பைத் திறந்து ஸ்கேன் செய்கிறார்கள், அந்த ஆப் "இது யுபிஐ கோடு இல்லை" என்று திருப்பிவிடுகிறது, "உங்க கோடு வேலை செய்யலைங்க" என்று நம்மிடம் வந்து சொல்கிறார்கள். ஆகவே கோடின் தலையில் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: "பணம் கேட்கவில்லை, போன் கேமராவில் பாருங்கள், பள்ளிக்கரணைப் பறவைகளின் படங்கள் வரும்." அடியில் ஒரு போன் நம்பர். மீனவர் குப்பத்திலும் ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளிலும் குப்பை பற்றிப் பேசப் போகும்போது கோடு எடுத்துப்போவதே இல்லை. அங்கே பேச்சுதான், வேண்டுமானால் ஒரு பிட் நோட்டீஸ். அந்த பிட் நோட்டீஸ் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது.

அளவு பற்றி அச்சகத்தில் கேட்டால் "அழகா சின்னதா வைக்கலாம் சார்" என்பார்கள். எங்கிருந்து ஸ்கேன் செய்வார்களோ அந்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும், ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பத்து சென்டிமீட்டர். சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விடச் சொல்லுங்கள், டிசைன் செய்கிறவர் அதில்தான் முதலில் பச்சை இலை வரைவார். பச்சை என்றதும் நினைவுக்கு வருகிறது, சுற்றுச்சூழல் என்பதால் வெளிர்பச்சைக் கோடு வேண்டாம், வெள்ளையில் கறுப்பு, அதிகம் போனால் கரும்பச்சை. முகவரியை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுத்தால் கோடு கொஞ்சம் எளிமையாகும், டொமைன் பகுதிக்கு அது பாதிப்பில்லை, சாய்கோடுக்குப் பின்னால் வெறும் எண் வைத்துக்கொண்டது இதற்காகவும்தான். நடுவில் அமைப்பின் சின்னம் வைக்க ஆசைப்பட்டால் பிழைதிருத்த அளவை எச் என்று வையுங்கள், 30 சதவீதம் வரை சேதம் தாங்கும் என்று சொல்கிற அளவு அது. வெளியில் வெயிலில் கிடக்கிற கோடுக்கு அந்தத் தாங்குசக்தி கீறலுக்கும் காக்கை எச்சத்துக்கும் தேவைப்படும், அதனால் பலகைக் கோடில் சின்னம் வேண்டாம், உள்ளே மேசையில் நிற்கிற அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் அதே அளவில் எடுத்து, குழுவில் இருப்பதிலேயே பழைய போன் யாருடையதோ அவரிடம் கொடுத்து வெயிலில் நிற்கவைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.